பறக்கும் தட்டும் பாதசாரியின் பாத்தியதையும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில், பாஸடீனா நகரை அடுத்துள்ள ஓக் குரோவ் பூங்காவில், 1975-ஆம் ஆண்டு, எட் ஹெட்ரிக் என்பவர் கம்பங்களை இலக்காக நட்டு, பறக்கும் தட்டை இலக்கில் எறியும் டிஸ்க் கால்ஃப் ஆட்டத்துக்கென்று முதல் நிரந்தரக் களத்தை ஏற்படுத்தினார். கம்பங்களின் ஸ்தானத்தில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடையைப் பிற்பாடு அமைத்தவரும் அவரே. பிரத்தியேக உடுப்போ சங்க அங்கத்தினர் பதவியோ வேண்டாமல், பெரும்பாலும் கட்டணமுமின்றி, பொதுப் பூங்காக்களில் சிறுவரும் வயோதிகரும் குடும்பத்தோடு வந்து கற்றுக்கொள்ளும் இந்த ஆட்டத்தைப் பார்க்கும்போது, பொதுநிலத்துக்கு இதனினும் சிறந்த உபயோகம் வேறென்ன இருக்க முடியும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அதே நிலத்தில், ஆட்டம் நடப்பதையே அறியாமல், குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் தாய்க்கும் சமமான பாத்தியதை உண்டு.

கடற்கரையில் வீசிப் பிடித்து விளையாடும் பிரிஸ்பியை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தத் தட்டை மதிப்பிடுவது பெரும் பிழை. ஏறக்குறைய 21 சென்டிமீட்டர் விட்டமும் 175 கிராம் வரை எடையும் கொண்டு, கடினமான பிளாஸ்டிக்கில் மெல்லிய விளிம்போடு வார்க்கப்பட்ட நெடுந்தூரத் தட்டு, தேர்ந்தவர் கையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் புறப்படுவதுண்டு. ஆரம்பநிலையினருக்கு அந்த வேகம் கிடையாது. ஆனால், கையிலிருந்து ஒரு கணம் பிந்தி விடுபட்ட தட்டு எந்தத் திசையில் போகும் என்பது எறிந்தவருக்கே தெரியாது. ஆகையால், குறுகிய தூரமுள்ள ஆரம்பநிலைக் களத்தில் அபாயமும் குறைவு என்று எண்ணலாகாது. இரு பக்கங்களிலும் அதிக இடம் விடவேண்டியது அங்கேதான். நடைபாதையின் குறுக்கே எறியும்படி கூடையை நாட்டிவிட்டு, பழியைப் பழகாத கையின்மேல் சுமத்துவது நியாயமன்று.

பாதையில் ஆள் நடமாட்டம் ஓயும்வரை காத்திருப்பது எறிபவரின் கடமை. தட்டு திசை தவறினால் அவர் ‘ஃபோர்’ என்று உரக்கக் கூவுவது வழக்கம். அதைக் கேட்டவர் நிமிர்ந்து பார்க்காமல், தலையைக் கைகளால் மூடிக்கொண்டு குனிந்துவிட வேண்டும்.

இனி, அடிபட்டவரின் கதி என்ன? கால்ஃப் மைதானத்தில் உடன் ஆடியவரின் பந்தால் காயமுற்ற ஒருவரின் வழக்கில், ஆட்டத்தோடு பிறந்த அபாயத்தை ஆட்டக்காரர் ஏற்றுக்கொண்டவரே ஆவார் என்றும், வேண்டுமென்றோ விபரீத அலட்சியத்தாலோ காயப்படுத்தினால்தான் அடித்தவர் பொறுப்பாளி என்றும் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2007-இல் தீர்ப்பளித்தது. அது உடன் ஆடுவோரைக் குறித்த தீர்ப்பு. ஆட்டத்தில் சேராமல் பாதையில் நடந்து சென்றவரை அபாயத்தை ஏற்றுக்கொண்டவர் என்று அது சொல்லவில்லை. அவர் எறிந்தவர்மேல் சாதாரணக் கவனக்குறைவுக்காக இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம்.

களத்தின் அமைப்பே குற்றமாயிருந்து, நகராட்சியின்மேல் நஷ்டஈடு கோர வேண்டுமானால் நிலைமை வேறு. அங்கே முதலில் நகராட்சியிடமே எழுத்து மூலம் கோரிக்கை சமர்ப்பிக்க வேண்டும். அதற்குத் தவணை ஆறே மாதம். இரண்டு ஆண்டு அவகாசம் எல்லா வழக்குக்கும் பொது என்று நம்பி, சிகிச்சை முடியட்டும் என்று காத்திருப்பவர்கள் தங்கள் உரிமையை இழக்க நேரிடும். தவணையைத் தவறவிட்டவர், தக்க காரணம் காட்டி, ஓராண்டுக்குள் அனுமதி கேட்க வழியுண்டு. கோரிக்கையைப் பரிசீலிக்க நகராட்சிக்கு 45 நாள் அவகாசம். எழுத்து மூலம் நிராகரித்தால், அந்த அறிவிப்பிலிருந்து ஆறு மாதத்துக்குள் நீதிமன்றத்தை நாட வேண்டும்.

இதில் பலர் கவனியாத விஷயம் ஒன்றுண்டு. இடம் அபாயகரமாயிருந்தது என்று நிரூபித்தால் மட்டும் போதாது. சிப்பந்திகளின் தவறாலேயே அந்த நிலை நேர்ந்தது என்றாவது, அல்லது திருத்துவதற்குப் போதிய காலத்துக்கு முன்பே அது நகராட்சிக்குத் தெரிந்திருந்தது, தெரிந்திருக்க வேண்டும் என்றாவது காட்ட வேண்டும். எனவே, காதருகே தட்டு உரசிச் சென்றும் காயமின்றித் தப்பிய ஒருவர், எந்த எறிமேடை, எந்தப் பாதை, எந்த நேரம் என்று குறித்து, தேதியிட்டுப் பூங்கா இலாகாவுக்கு எழுதும் கடிதம், பின்னொரு நாள் அதே இடத்தில் அடிபடும் முன்பின் அறியாத ஒருவருக்குச் சாட்சியமாகிறது. தப்பித்தோம் என்ற ஆறுதலோடு வீட்டுக்குப் போய்விடுவது மனித சுபாவம்; ஆனால் அந்தக் கடிதத்தை எழுத வேண்டியவர் அவரே. அத்தகைய கடிதங்கள் முன்னமே வந்திருந்தனவா என்று பொது ஆவணச் சட்டத்தின்படி எவரும் கேட்கலாம். ஆவணம் உண்டா, தரப்படுமா என்று சாதாரணமாகப் பத்து நாட்களுக்குள் பதில் கூற வேண்டும்.

கடிதத்துக்குப் பலன் இல்லையெனில், 1953-ஆம் ஆண்டின் பிரவுன் சட்டப்படி, நகர்மன்றத்தின் பகிரங்கக் கூட்டத்தில் எழுந்து பேசும் உரிமை பொதுமக்கள் யாவருக்கும் உண்டு. அங்கே களத்தையே மூடும்படி கோருவதைவிட, எறிமேடையைச் சில கஜம் திருப்பி வைக்கவும், பாதையின் இரு முனைகளிலும் எச்சரிக்கைப் பலகை நாட்டவும் கேட்பதே உசிதம். கற்றுக்கொள்ள வந்த சிறுவரின் ஆட்டமும் அதனால் தடைப்படாது.