தாளம் அறிந்தால் படம் தெளியும்

திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காடு, நடராசரின் ஐந்து சபைகளுள் இரத்தின சபையாகப் போற்றப்படும் தலம். அவ்வூரில் கிடைத்து இன்று சென்னை அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் சோழர் கால நடராசர் செப்புத் திருமேனியை, இந்தியாவுக்கே வராத பிரெஞ்சுச் சிற்பி ரோடின், தம் கைக்கு வந்த ஒளிப்படங்களில் மட்டுமே கண்டு, அதன் ஆடலைப் பற்றி எழுதினார். அவர் மறைந்த பின் 1921-இல் அக்கட்டுரை வெளியாயிற்று. ஆடலின் அழகை ஒரு படம் எவ்வளவு தொலைவுக்கும் கொண்டு செல்லும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

திருமேனி அசையாது நின்றது; அதே மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த ஊர்களில் பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் கும்மியும் கோலாட்டமும் ஆடுவோரோ, மாலைக்குப் பின் மின்விளக்கின் கீழ் சுழன்றபடி இருக்கிறார்கள். கேமராவின் உணரியில் ஒளி விழும் கால அளவாகிய ஷட்டர் வேகத்தை நொடியில் 1/250 பங்காகவோ அதற்கும் குறைவாகவோ வைத்தால் கைவீச்சு உறைந்து நிற்கும் என்றாலும், நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்றுகள் கொண்டது ஆதலால் பல விளக்குகளின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. அதனால் 1/250 போன்ற ஷட்டர் வேகத்தில் படத்தில் கருங்கோடுகள் படியக்கூடும். 1/100 என்று வைத்தால் கோடுகள் பெரும்பாலும் மறையும், ஆனால் கைகள் மங்கும்.

இந்த முரணைத் தீர்ப்பது விலையுயர்ந்த கருவியன்று, தாள அறிவே. கும்மியில் உடல் குனிந்து கைகள் கூடும் இடத்திலும், கோலாட்டத்தில் கோலோடு கோல் மோதும் இடத்திலும், அசைவு திசை மாறுவதற்கு முன் ஒரு கணம் ஓய்கிறது. பாட்டைச் சில சுற்றுகள் கேட்டுத் தட்டின் இடைவெளியை மனத்தில் பதித்துக்கொண்டு, தட்டு விழுவதற்குச் சற்று முன்பே பொத்தானை அழுத்துபவருக்கு 1/100 நொடியே போதுமானதாகிவிடுகிறது. ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணை 1600 அல்லது 3200-க்கு உயர்த்தினால் படம் சற்று மணல்மணலாகத் தெரியும். மங்கிய முகத்தைவிட அது மேலானது.

வட்டமாக ஆடும் கூட்டத்துக்கு ஃபிளாஷ் பெரும்பாலும் உதவுவதில்லை. தொலைவு இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகக் குறைவதால், அருகில் இருப்பவரின் முதுகு வெளுத்துப்போக, எதிர்ப்புறத்து முகங்கள் இருளில் மூழ்கும். கும்மியில் முகங்கள் உள்நோக்கி இருப்பதால், அருகிலுள்ள இருவருக்கு இடைப்பட்ட வெளியின் வழியே எதிர்வரிசையை நோக்குவதும், முழு வட்டமும் தெரியவேண்டுமானால் திண்ணை போன்ற மேடான இடத்தில் நிற்பதும் நலம். ஆட்டத்தின் அடவு பாதங்களில் இருப்பதால் அவற்றைச் சட்டகத்தில் வெட்டிவிடலாகாது.

இவை மேடைக் கலைஞர்களுக்கான நிகழ்ச்சிகள் அல்ல, ஊரார் தம் மகிழ்ச்சிக்காக ஆடுபவை. ஆகவே ஆடுவோரிடமும் குழந்தைகளின் பெற்றோரிடமும் முன்கூட்டியே இசைவு பெறுவதும், எடுத்த படங்களை முதலில் அவர்களுக்கே கொடுப்பதும் ஒளிப்படக் கலைஞரின் கடமைகள். அவர்களோடு தாளமிட்டுப் பழகியவரை ஆடுவோர் அந்நியராகக் கருதுவதில்லை. அந்த நம்பிக்கையே முகங்களை இயல்பாக வைத்து, எந்த லென்ஸும் தர இயலாத தெளிவைப் படத்துக்குத் தருகிறது.