விமான இரைச்சலும் நோயாளியின் உறக்கமும்: முறையீடு செய்வது எப்படி?

விமான நிலையத்திற்கு அருகில் வசிக்கும் குடும்பத்தினர் எங்களிடம் கேட்பதுண்டு: “இரவில் விமானச் சத்தத்தால் நோயாளியின் உறக்கம் கலைகிறது. புகார் செய்தால் பயன் உண்டா?” பயன் உண்டு. ஆனால், முறையீடு எவ்வாறு கையாளப்படுகிறது என்பதை அறிந்து எழுதினால்தான் அப்பயன் முழுமையாகக் கிட்டும். இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் நடைமுறையைக் கொண்டு இதனை விளக்குகிறோம்.

அங்கு முறையீடு வந்ததும், அதில் குறிப்பிட்ட இடமும் நேரமும் ராடார் பதிவுகளோடு ஒப்பிடப்படுகின்றன. எந்த விமானம், எந்த உயரத்தில், எந்தப் பாதையில் சென்றது என்பது அதனால் தெரியவருகிறது. சுற்றுப்புறங்களில் ஒலியை அளக்கும் கருவிகளும் நிறுவப்பட்டுள்ளன. புறப்படும் விமானம் வரம்பை மீறி ஒலி எழுப்பினால், அந்நிறுவனம் அபராதம் செலுத்த வேண்டும். விமானம் விதிப்படியே பறந்திருந்தால், முறையிட்டவருக்கு விளக்கம் மட்டுமே பதிலாக வரும்.

இது ஏமாற்றமளிக்கலாம். தனியொரு முறையீடு விமானப் பாதையை மாற்றிவிடுவதில்லை. எனினும், எந்தப் பகுதியினர் எந்நேரத்தில் அல்லலுறுகின்றனர் என்பதை முறையீடுகளின் தொகுப்பு காட்டுகிறது. குடியிருப்போருக்கு ஓய்வளிக்கும் ஏற்பாடுகளும் அங்கு உள்ளன. மேற்கு நோக்கித் தரையிறங்கும் நாள்களில், பிற்பகல் 3 மணிக்கு ஓடுபாதை மாற்றப்படுகிறது. இதனால் ஒவ்வொரு பகுதிக்கும் அரைநாள் அமைதி கிடைக்கிறது. இரவு 11.30 முதல் காலை 6 மணி வரை இயங்கும் விமானங்களுக்கு, ஆண்டுக்கு 5,800 என அரசு உச்சவரம்பு விதித்துள்ளது.

இரவு அமைதியை மருத்துவர்களாகிய நாங்கள் வலியுறுத்தக் காரணம் உண்டு. விழிப்பு வராதபோதும், திடீர் ஓசை உறங்குபவரின் இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் உயர்த்தக்கூடும். ஹீத்ரோவைச் சுற்றி வாழும் ஏறத்தாழ 36 இலட்சம் மக்களைக் குறித்து 2013இல் ஓர் ஆய்வு வெளியானது. இரைச்சல் மிகுந்த பகுதிகளில் பக்கவாதத்திற்கும் இதய நோய்க்கும் மருத்துவமனையில் சேர்வோர் அதிகம் என அது கண்டது. இரைச்சலே காரணம் என்று இதனால் மட்டும் உறுதிசெய்ய இயலாது, ஆயினும் புறக்கணிக்கத்தக்கதன்று. இரவில் விமான ஒலியின் சராசரி 40 டெசிபலுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது.

ஆகவே, படுக்கையருகே ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, துல்லியமான நேரம், வீடு இருக்கும் இடம், சத்தம் நீடித்த அளவு, உறக்கம் கலைந்ததா என்பவற்றை எழுதுங்கள். “எப்போதும் சத்தம்” என்ற முறையீட்டைப் பதிவுகளோடு ஒப்பிட இயலாது, “அதிகாலை 4.40” என்பதை ஒப்பிடலாம்.

அதே குறிப்பேட்டை மருத்துவரிடமும் காட்டுங்கள். உறக்கம் எத்தனை முறை கலைந்தது என்பதை அறிவது சிகிச்சைக்கு உதவும். மருத்துவரைக் கேளாமல் தூக்க மாத்திரை உட்கொள்ள வேண்டாம். சன்னல்களை இறுக மூடுவதும், சத்தம் குறைந்த அறைக்குப் படுக்கையை மாற்றுவதும் ஓரளவு பயன் தரும். நோயாளி காதடைப்பான் அணியலாம்; ஆனால் உடனிருந்து கவனிப்பவர் அணிவதைத் தவிர்க்க வேண்டும். நள்ளிரவில் நோயாளி அழைக்கும் குரல் அவருக்குக் கேட்டாக வேண்டும்.