கழித்தல் இல்லாத கணிதம்

படிவம் ஐந்தில் அணிகளை நாம் பயின்றிருக்கிறோம். நிரையை நிரலோடு பெருக்கிக் கூட்டுவோம். அந்தப் பெருக்கலுக்கும் கூட்டலுக்கும் வேறு பொருள் கொடுத்தால் என்னவாகும்?

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர் என் பாட்டி. ஈப்போ மருத்துவமனைக்கு நேர்வழிப் பேருந்தில் 70 நிமிடம். பட்டணம் வரை 25, அங்கிருந்து 30, ஆக 55 என்பார். குறைந்ததையே தேர்ந்தெடுப்பார்.

இங்கே 'பெருக்கல்' என்பது நேரங்களைக் கூட்டுவது. 'கூட்டல்' என்பது சிறியதைத் தேர்வது. வழியே இல்லையென்றால் முடிவிலி. அதுவே இங்குப் பூஜ்யம். எதிரெண்கள் இல்லாமலும் இயங்கும் இத்தகைய அமைப்பு அரைவளையம் எனப்படும். 1934இல் வாண்டிவர் என்ற அமெரிக்கர் இதை அறிமுகப்படுத்தினார். பாட்டியின் கணக்கு வகைக்கு, பிரேசில் அறிஞர் இம்ரே சைமனைச் சிறப்பித்து 'வெப்பமண்டல' இயற்கணிதம் என்று பெயர். ரப்பர் விதையைப் போல இப்பெயருக்கும் பிரேசில் உறவு உண்டு!

மூன்று இடங்களுக்கான நேரங்களை, மூலைவிட்டத்தில் 0 இட்டு, அணியாக எழுதுங்கள். அதை அதனோடே பெருக்கினால் எல்லா இணைகளுக்கும் மிகக் குறைந்த நேரம் கிடைக்கும். பத்து இடங்கள் என்றால் ஒன்பதாம் அடுக்கு போதும்.

ஆனால் கழித்தல் இல்லை. 55 என்ற விடையிலிருந்து 70ஐ மீட்க முடியாது. நேர்மாறு அணியும் அரிது: நிரைக்கு ஒன்று, நிரலுக்கு ஒன்று என மட்டுமே முடிவிலி அல்லாத உறுப்பு இருக்க வேண்டும்.

அந்த நேர்வழிப் பேருந்து இன்று இல்லை, தோட்டமும் செம்பனையாகிவிட்டது. விடை கிடைத்த பிறகும் முதல் அணியை அழித்துவிடாதீர்கள்.