பட்டி நாம்பனுக்குக் காய்ச்சல் வந்தால்

வன்னியில் பட்டி மாடு வளர்ப்பவரிடம் இந்த முறை ஏன் கன்று குறைவு என்று கேட்டால், பசுக்கள் சரியில்லை என்பார். நாம்பனைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊசி மூலம் சினைப்படுத்தும் வசதி உண்டு. ஆனால் பசுவின் வேட்கை 12 முதல் 18 மணித்தியாலம்தான் நிற்கும். காட்டோரம் மேயும் பட்டியில் அதைக் கவனித்து, பசுவைப் பிடித்துக் கட்டுவதற்குள் நேரம் கடந்துவிடும். அதனால் பட்டி பெருகுவது இன்றும் நாம்பனால்தான். ஒரு பசு பழுதானால் ஒரு கன்று போகும். நாம்பன் பழுதானால் இருபது முப்பது பசுக்கள் வெறுமையாய் நிற்கும்.

நாம்பனின் விதைகள் உடம்பைவிட 2 முதல் 6 பாகை செல்சியஸ் குளிர்ந்திருந்தால்தான் விந்தணு ஒழுங்காக உருவாகும். அதற்காகவே அவை வெளியே தொங்குகின்றன. உள்ளே இறங்கும் சூடான இரத்தத்தை, சுற்றிப் பின்னிய நாளங்களில் திரும்பிவரும் குளிர்ந்த இரத்தம் ஆற்றிவிடுகிறது. காய்ச்சல் இந்த ஏற்பாட்டைக் குலைக்கும். கால்வாய் நோயும், 2020இல் நாட்டிலேயே முதலில் வடக்கில் கண்டறியப்பட்ட லம்பி தோல் நோயும் கடும் காய்ச்சல் தருபவை.

ஒரு விந்தணு உருவாக நாம்பனில் 61 நாள் ஆகும். பிறகு முதிர்வதற்கு இன்னும் பத்து நாள் போல வேண்டும். ஆகவே நோய் மாறி, தீன் தின்று, பசுவின்மேல் ஏறும் நாம்பனுக்கும் இரண்டு மாதம் வரை சினை பிடிக்காமல் போகலாம். சினைக்காலமோ ஏறத்தாழ 280 நாள். மாசியில் வந்த காய்ச்சலின் நட்டம் மார்கழி, தையில்தான் கண்ணுக்குத் தெரியும். அதற்குள் காய்ச்சலை எல்லோரும் மறந்திருப்பார்கள்.

கால்நடை வைத்தியர் நாம்பனைச் சோதித்தால் கால், கண், பல் பார்த்து, விதைகளைத் தடவி, சுற்றளவை நாடாவால் அளப்பார். விந்தை எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தால் நூற்றில் 30 அணுக்களாவது நேராக நீந்த வேண்டும். 70 வடிவம் பிசகாதிருக்க வேண்டும்.

மூன்று ஆண்டுக்குமேல் ஒரே நாம்பனை வைத்திருப்பதும் தவறு. தனக்குப் பிறந்த நாகுகளின்மேலேயே அது ஏறத் தொடங்கும். மாற்றும்போது பக்கத்துப் பட்டியில் வாங்கக்கூடாது; அதுவும் அதே நாம்பனின் மகனாக இருக்கலாம். தூரத்தில் வாங்கினாலும், பட்டியில் விடுமுன் புருசெல்லோசிஸ் நோய்க்கு இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். அந்த நோய் பசுக்களின் கருவைக் கலைக்கும். காய்ச்சாத பால் வழியே வீட்டிலுள்ளோருக்கும் தொற்றும்.