ஏழு மாதம் விரதமிருந்த ரோசம்மா

"சாப்பிட்டுச்சா?"

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பி, ஞாயிற்றுக்கிழமை இரவு வீடியோ காலில் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். அம்மாவைப் பற்றியும் இல்லை, என்னைப் பற்றியும் இல்லை. ஈப்போவில் எங்கள் வீட்டு வரவேற்பறை அலமாரியில், கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்ந்திருக்கும் டாரன்டுலா சிலந்தியைப் பற்றி!

தென் அமெரிக்காவின் சிலி நாட்டைச் சேர்ந்த 'சிலியன் ரோஸ்' இனம் அது. உள்ளங்கை அகலம், பழுப்பு உடல், வெளிச்சம் பட்டால் முதுகில் இளஞ்சிவப்பு மினுமினுப்பு. தம்பி 'ரோஸ்' என்றான். அம்மா அதை 'ரோசம்மா' ஆக்கிவிட்டார். தைப்பூசம் முடிந்த கையோடு தம்பி சிங்கப்பூருக்குக் கிளம்பியபோது, "பார்த்துக்குங்கக்கா, வாரம் ஒரு செங்கெரிக் போட்டா போதும்" என்று சொல்லிவிட்டுப் போனான். பறவைக் கடைகளில் தீனிக்காக விற்பார்களே, அந்தச் சில்வண்டுதான்.

மார்ச் மாதம் ரோசம்மா சாப்பாட்டை நிறுத்தியது. போட்ட பூச்சி பக்கத்தில் வந்தால் முன்னங்காலால் தள்ளிவிட்டு மூலைக்குப் போய்விடும். ஏப்ரல் போனது, மே போனது. "பேருக்கேத்த மாதிரி ரோசம் வந்துடுச்சு. புள்ள இல்லேன்னு ஏங்குது" என்று அம்மா முடிவே கட்டிவிட்டார்.

யார் வீட்டுக்கு வந்தாலும் "பசியாறியாச்சா?" என்று கேட்டுப் பழகிய குடும்பம் எங்களுடையது. சாப்பிடாத ஓர் உயிரை வீட்டில் வைத்துக்கொண்டு எங்களால் நிம்மதியாக இருக்க முடியவில்லை.

நான் செய்த தவறு

ஜூன் மாதம் ஓர் இரவு, பசித்தால் தானாகச் சாப்பிடட்டும் என்று இரண்டு சில்வண்டுகளைப் பெட்டிக்குள் விட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தபோது ரோசம்மாவின் பின்னங்கால் ஒன்றில் வெளிர்நீலத்தில் ஒரு துளி நின்றது. சிலந்தியின் இரத்தம் அந்த நிறம்தான். நம் இரத்தத்தில் இரும்பு இருப்பதுபோல் அதன் இரத்தத்தில் செம்பு இருக்கிறது. உணவாகப் போட்ட பூச்சி, உண்ண வேண்டியதையே கடித்திருந்தது.

அலறியடித்துத் தம்பியை அழைத்தேன். "சோள மாவு இருக்காக்கா? பஞ்சுக் குச்சியில தொட்டு, அந்த இடத்துல மட்டும் மெதுவா வைங்க" என்றான். கை நடுங்க வைத்தேன். கசிவு நின்றது. கடி வயிற்றில் பட்டிருந்தால் பிழைத்திருக்காது என்று அவன் சொன்னபோது எனக்கு வார்த்தையே வரவில்லை.

அன்றிலிருந்துதான் நான் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்கப் புரிந்தது ஒன்றுதான். பட்டினியைவிட என் அவசரம்தான் ரோசம்மாவுக்கு ஆபத்து.

ஏன் சாப்பிடுவதில்லை?

டாரன்டுலா ஓடி வேட்டையாடும் உயிரல்ல. பொந்து வாசலில் உட்கார்ந்திருக்கும். வந்தால் உணவு, வராவிட்டால் காத்திருப்பு. அசையாமல் இருக்கும்போது அதன் உடல் செலவழிக்கும் சக்தி மிக மிகக் குறைவு. சாப்பிட்டதைச் சேமிக்க வயிற்றுப் பகுதியில் போதிய இடமும் உண்டு. அந்த இருப்பை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டிவிடும்.

அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பூச்சியியல் பேராசிரியர் வில்லியம் பேர்க், டாரன்டுலாக்களைப் பல ஆண்டுகள் வளர்த்து ஆராய்ந்தவர். தண்ணீர் கிடைத்தால் உணவே இல்லாமல் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் அவற்றால் உயிர்வாழ முடியும் என்று அவர் பதிவு செய்திருக்கிறார். அங்குள்ள காட்டு டாரன்டுலாக்கள் குளிர்காலம் வந்தால் பொந்தின் வாயை அடைத்துக்கொண்டு, வசந்தம் வரும்வரை உள்ளேயே கிடக்கும்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் 'எண் 16' என்று அழைக்கப்பட்ட பெண் சிலந்தியின் கதையும் உண்டு. அது டாரன்டுலா அல்ல. பொந்துக்குக் கதவு வைத்து வாழும் அதன் தூரத்து உறவு. 1974-இல் பார்பரா யார்க் மெயின் என்ற ஆய்வாளர் அதைக் கண்காணிக்கத் தொடங்கினார். 2016-இல் இறக்கும்போது அதற்கு வயது 43. அத்தனை ஆண்டும் ஒரே பொந்தில் வாழ்ந்தது. இப்படிப்பட்ட உயிர்களுக்கு நம் வீட்டு மூன்று வேளைக் கணக்கு பொருந்துமா?

சிலியன் ரோஸ் இனம் நீண்ட விரதத்துக்குப் பேர்போனது. ஆறு மாதம், ஓராண்டு என்று அது உண்ணாமல் இருப்பது வளர்ப்போருக்குப் பழகிப்போன செய்தி. புது இடம், வெப்பநிலை மாற்றம், வயிறு நிறைந்திருப்பது எனக் காரணங்கள் பல. பருவமெய்திய ஆண் சிலந்தி, துணை தேடி அலைவதில் உணவையே மறந்துவிடும். எல்லாவற்றிலும் முக்கியமான காரணம் சட்டை உரிப்பது.

பாம்பைப்போல டாரன்டுலாவும் வளர வளரச் சட்டை உரிக்கும். ஆனால் இது வெறும் மேல்தோல் அல்ல. விஷப்பல், வாய், உணவை உறிஞ்சும் இரைப்பையின் உள்ளுறை எல்லாமே கழன்று வெளியே வரும். உள்ளே புதிய உறை உருவாகும் காலத்தில் சாப்பிட அதற்கு விருப்பமும் இருக்காது, வசதியும் இருக்காது. குஞ்சுகள் அடிக்கடி சட்டை உரிக்கும். வளர்ந்த பெண் சிலந்திக்கு ஓராண்டு, சில வேளை அதற்கு மேலும் ஆகும்.

இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கினேன். அம்மா சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, இளம் வயதிலேயே பால் மரம் வெட்டியவர். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "மாசி, பங்குனியில மரம் இலை கொட்டும். பால் சுண்டிப்போயிடும். மரம் செத்துடுச்சுன்னா சொல்வோம்? புது இலை வர்ற வரைக்கும் மரத்தைச் சும்மா விடணும்."

நான் பக்கம் பக்கமாகப் படித்தது அவருக்கு ஒரு பால் மரத்தில் புரிந்துவிட்டது. அன்று முதல் சில்வண்டு வாங்குவதை நிறுத்தினோம். கிண்ணத்தில் தண்ணீர் மாற்றுவது மட்டும் அம்மாவின் வேலை ஆனது.

அந்த விடியற்காலை

அக்டோபர் மாதம். வானொலியில் காலை நிகழ்ச்சிக்காக நான் நான்கு மணிக்கே எழுந்துவிடுவேன். விளக்கைப் போட்டதும் அம்மாவின் குரல்: "ஐயோ, போச்சு!"

ரோசம்மா மல்லாந்து கிடந்தது. எட்டுக் கால்களும் மேலே. அசைவே இல்லை. "புள்ளைக்கு என்ன பதில் சொல்றது?" என்று அம்மா பெட்டியைத் திறக்கப் போனார். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

டாரன்டுலா சட்டை உரிப்பது பெரும்பாலும் மல்லாந்து படுத்துத்தான். விவரம் தெரியாத பலர் அதைப் பிணம் என்று நினைத்துத் தூக்கி எறிந்திருக்கிறார்கள். சாகும் சிலந்தி மல்லாக்கப் படுப்பது அரிது. நின்ற இடத்திலேயே கால்களை உடம்புக்கு அடியில் சுருட்டிக்கொள்ளும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் இருந்திருந்தால் எங்கள் வீட்டிலும் ஓர் உயிர் போயிருக்கும்.

அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, "தொடாதீங்க, தட்டாதீங்க, வெளிச்சம் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு நிலையத்துக்குப் போனேன். அன்று நேயர்களிடம் என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. பாட்டு ஓடும்போதெல்லாம் கைப்பேசியைப் பார்த்தபடி இருந்தேன். எட்டரைக்கு அம்மாவிடமிருந்து குரல் பதிவு வந்தது: "ரெண்டா இருக்கு!"

வீடு திரும்பிப் பார்த்தேன். பெட்டிக்குள் இரண்டு சிலந்திகள். ஒன்று வெறும் கூடு. அதன் பக்கத்தில் புத்தம்புது ரோசம்மா, அழுத்தமான இளஞ்சிவப்பில். விஷப்பல் பால்போல வெண்மையாக இருந்தது. ஜூன் மாதம் கடிபட்ட காலைத் தேடினேன். காயத்தின் தழும்புகூட இல்லை.

வளர்ப்போர் கவனத்துக்கு

உங்கள் வீட்டுச் சிலந்தி சாப்பிட மறுத்தால் முதலில் வயிற்றைப் பாருங்கள். உருண்டு திரண்டு இருந்தால் கவலை வேண்டாம். வயிறு சுருங்கியிருந்தாலோ, நடை தள்ளாடினாலோ, கால்கள் அடியில் சுருண்டாலோ அது ஆபத்து. பெரும்பாலும் தண்ணீர்ப் பற்றாக்குறையாக இருக்கும். சிலந்தி காலை நீட்டுவது உள்ளே இருக்கும் திரவத்தின் அழுத்தத்தால்தான். அதனால் ஆழமில்லாத கிண்ணத்தில் சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். குஞ்சுகள் பெரியவற்றைப்போல நீண்ட விரதம் தாங்காது.

போட்ட பூச்சியைச் சாப்பிடாவிட்டால் அன்றே எடுத்துவிடுங்கள். இரவு முழுக்க விட்டுவைக்காதீர்கள். சட்டை உரித்த பிறகும் அவசரம் கூடாது. வெள்ளைப் பல் சிவந்து, பிறகு கறுத்த பின்னரே உணவு. பெரிய சிலந்திக்குப் பத்து நாள், இரண்டு வாரம் பிடிக்கும். கையில் எடுத்துக் கொஞ்சுவதும் வேண்டாம். கீழே விழுந்தால் வயிறு கிழிந்துவிடும். சிலியன் ரோஸ் போன்றவை உதறிவிடும் நுண்முடி கண்ணில் பட்டால் நமக்கும் பாடுதான்.

வாங்கும் முன் ஒரு வார்த்தை. எந்த இனத்துக்கு உரிமம் தேவை என்பதைப் பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள். காட்டிலிருந்து பிடித்ததை வாங்கவே வேண்டாம். தமிழர் வாழும் மண்ணுக்கும் சொந்த டாரன்டுலாக்கள் உண்டு. இராமேசுவரத்தில் கண்டறிந்த ஓர் இனத்துக்கு, அங்குள்ள அனுமவிலாசம் கோயிலின் பெயரையே 2004-இல் சூட்டினார்கள். இலங்கையின் மாங்குளம் பகுதியில் 2009-இல் கிடைத்த, 20 சென்டிமீட்டர் கால் விரிப்புள்ள இனத்துக்கு, ஆய்வுக்குத் துணைநின்ற காவல்துறை அதிகாரி இராஜகுமார் புராஜாவைக் கௌரவிக்கும் வகையில் பெயர் வைத்தார்கள். இவை இரண்டும் மரப்பொந்தில் வாழும் 'பொசிலோதீரியா' வகை. வாழும் காடு அழிவதாலும் செல்லப் பிராணி வணிகத்தாலும் இந்த வகைக்கு நெருக்கடி. 2019 முதல் இதன் அனைத்துலக வணிகம் சைட்டிஸ் ஒப்பந்தக் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

நம் பேராக்கிலும் அரிய சிலந்தி இருக்கிறது. சிம்மோர் அருகே உள்ள கந்தான் சுண்ணாம்புக் குகையில் வாழும், பொந்துக்குக் கதவு வைக்கும் சிலந்திக்கு அந்தக் குகையின் பெயர்தான். உலகில் வேறெங்கும் அது இருப்பதாகத் தெரியவில்லை. மெதுவாக வளர்ந்து, நீண்ட நாள் வாழும் உயிர்கள் இவை. ஒன்றைப் பிடுங்கினால் அந்த இடம் நிரம்பப் பல ஆண்டுகள் ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை இரவு

சட்டை உரித்த பன்னிரண்டாம் நாள், பல் நன்றாகக் கறுத்திருந்தது. ஒரு சிறிய சில்வண்டை இடுக்கியால் பிடித்து உள்ளே விட்டேன். அது இரண்டடி நகர்ந்திருக்கும். நான் கண் சிமிட்டி முடிப்பதற்குள் ரோசம்மாவின் பிடியில் இருந்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு முதல் சாப்பாடு. அம்மா கைதட்டியே விட்டார்.

அன்று இரவு தம்பி அழைத்தான். வழக்கமான கேள்வி. அம்மா கைப்பேசியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"அது சாப்பிட்டுச்சு. அதை விடு. நீ சாப்பிட்டியாய்யா? முகம் வாடிக் கிடக்குதே..."