கிறிஸ்து என்பது குடும்பப் பெயரன்று

இயேசு கிறிஸ்து என்று இரு சொற்களையும் சேர்த்தே கேட்டுப் பழகியவர்கள் பலரும் அவற்றை ஒரே பெயராகக் கருதுகின்றனர். உண்மையில் முன்னது பெற்றோர் இட்ட பெயர், பின்னது நம்பிக்கை கொண்டோர் சூட்டிய பட்டம். 'யேசுவா' என்னும் எபிரேய மூலத்துக்கு 'ஆண்டவர் மீட்கிறார்' என்பது பொருள். மோசேக்குப் பின் இஸ்ரயேலரை வழிநடத்திய யோசுவாவின் பெயரும் இதுவே. அக்கால யூதரிடையே இப்பெயர் தாங்கியோர் பலர் இருந்தமையால், 'நாசரேத்தூர் இயேசு' என ஊரைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஊர்ப்பெயரை முன்வைத்து ஆளைச் சுட்டும் வழக்கம் உடைய குன்னத்தூர், அவிநாசி வட்டார மக்களுக்கு இது புதியதன்று.

'கிறிஸ்து' என்னும் கிரேக்கச் சொல்லும் 'மெசியா' என்னும் எபிரேயச் சொல்லும் 'எண்ணெயால் திருநிலைப்படுத்தப்பட்டவர்' என்ற ஒரே பொருளைத் தருவன. பண்டை இஸ்ரயேலில் அரசரையும் குருக்களையும் தலையில் எண்ணெய் வார்த்தே பணியில் அமர்த்தினர். ஆகவே இப்பட்டத்தில் தாவீதின் அரியணையை மீட்கும் மன்னர் வருவார் என்ற எதிர்பார்ப்பும், உரோமை ஆட்சியின்கீழ் அது கிளப்பக்கூடிய கலக அச்சமும் கலந்திருந்தன. மாற்கு நற்செய்தியில் பேதுரு இப்பட்டத்தைச் சொன்னவுடன், அதை யாருக்கும் சொல்ல வேண்டாமென இயேசு கட்டளையிடுவதை இப்பின்னணியில்தான் விளங்கிக்கொள்ள வேண்டும்.

அவர் தம்மைக் குறிக்கத் தாமே மிகுதியும் ஆண்ட பெயர், பழைய மொழிபெயர்ப்பில் 'மனுஷகுமாரன்' என்றும் புதியதில் 'மானிடமகன்' என்றும் வரும். இது தாழ்மையை மட்டும் காட்டுவதாகப் பலர் விளக்குவது போதாது. தானியேல் நூலின் 7ஆம் அதிகாரத்தில் மேகங்கள்மீது வந்து அழியா அரசுரிமை பெறும் ஒருவரையும் அத்தொடர் நினைவூட்டுகிறது. எளிமையும் மாட்சியும் ஒரே சொல்லில் தங்கும் இத்தகைய பெயர் வேறொன்றில்லை.

'கீரியோஸ்' என்னும் கிரேக்கச் சொல் வீட்டு எசமானரையும் குறிக்கும். எபிரேய மறைநூலின் கிரேக்க மொழிபெயர்ப்பில் கடவுளின் திருப்பெயருக்கு ஈடாகவும் நிற்கும். அதனை இயேசுவுக்கு வழங்கியதே தொடக்கத் திருச்சபையின் துணிவான அறிக்கை. தமிழில் இத்திருப்பெயர் பல வடிவங்களைப் பெற்றது: 1606இல் மதுரை வந்த இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி கடவுளைச் 'சர்வேசுரன்' என்றார். 1871இன் ஐக்கிய விவிலிய மொழிபெயர்ப்பில் நிலைபெற்ற 'கர்த்தர்', கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தில் 'ஆண்டவர்' ஆயிற்று. கருமத்தம்பட்டியின் பழம்பெரும் செபமாலை அன்னை ஆலயத்தில் 'ஆண்டவர்' என்பவரும், திருப்பூரின் பிற சபைகளில் 'கர்த்தர்' என்பவரும் ஒருவரையே அழைக்கின்றனர் என்பதை மறவாதிருத்தல் நன்று.

'இம்மானுவேல்', அதாவது 'கடவுள் நம்மோடு', எசாயா வாக்கிலிருந்து மத்தேயு எடுத்தாண்ட பெயர். நற்செய்திகளில் எவரும் அவரை அப்பெயர் சொல்லி விளிப்பதில்லை. எனவே நற்செய்தியை வாசிப்போர் எந்தப் பெயர் எவர் வாயில் வருகிறது என்று பார்த்து வாசிக்க வேண்டும்: மாற்கின் நூலில் அவரை 'இறைமகன்' என்று சொல்லும் முதல் மனிதர் சீடரல்லர், சிலுவையடியில் நின்ற உரோமை நூற்றுவர் தலைவரே.