படத்திலிருப்பவள் யார்?

பசுபிக் சமுத்திரத்திலுள்ள பிஜித் தீவிலே நெடுங்காலமாகப் பருத்த உடலே அழகெனப் போற்றப்பட்டது. பெண்ணொருத்தி மெலிந்துவிட்டால், அவளைக் கவனிப்பார் இல்லையோ என்று ஊரார் இரங்குவர். அத்தீவின் நட்ரோகாப் பகுதிக்கு 1995ஆம் ஆண்டிலே தொலைக்காட்சி வந்தது. அவ்வாண்டிலும், மீண்டும் 1998ஆம் ஆண்டிலும் அன் பெக்கர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் அங்குள்ள பாடசாலை மாணவியரை விசாரித்தார். மெலிவதற்காக உண்டதை வாந்தியெடுக்கும் வழக்கம் முதலில் ஒருத்தியிடமும் இருக்கவில்லை. மூன்றாண்டுகளின் பின்னரோ நூற்றுக்குப் பதினொருவரிடம் காணப்பட்டது.

தொலைக்காட்சியிலே தோன்றியோர் எட்டாத தேசத்து நடிகையர். இன்று கைத்தொலைபேசியிலே தோன்றுபவளோ அடுத்த வாங்கில் இருந்து படிக்கும் தோழி. மனிதர் தம்மை ஒத்தவரோடு ஒப்பிட்டே தம்மை அளந்து கொள்கின்றனர் என்று லியோன் பெஸ்டிங்கர் என்னும் உளவியலறிஞர் 1954இல் விளக்கினார். ஆதலின் நடிகையின் படத்தினும் தோழியின் படமே பெண்பிள்ளையின் மனத்தை ஆழமாகத் தைக்கின்றது.

என் வகுப்பு மாணவி ஒருத்தி மதிய உணவுப் பொதியை அவிழ்க்காமலே பல நாள் வீட்டுக்குக் கொண்டு சென்றாள். காரணம் வினவியபோது, தோழியின் படமொன்றைக் காட்டி, "இவளைப்போல மெலிய வேண்டும்" என்றாள். அத்தோழியும் அருகிலேதான் நின்றாள். அவள் நாணத்துடன், "சேர், அது நான் இடையைச் சுருக்கி, நிறத்தையும் மாற்றிப் போட்ட படம்" என்றாள். படத்திலிருந்தவள் அவ்விருவரில் ஒருத்தியுமல்லள்!

இது ஒரு வகுப்பறையின் கதை மாத்திரமன்று. தம் உடலைப்பற்றி வருந்திய வேளையில் இன்ஸ்டகிராம் அவ்வருத்தத்தை மிகுவித்ததென நூற்றுக்கு 32 பெண்பிள்ளைகள் கூறியமை, அதனை நடத்தும், அப்போது பேஸ்புக் எனப் பெயர்கொண்டிருந்த நிறுவனத்தின் உள்ளாய்விலேயே பதிவாகியிருந்தது. 2021இல் அச்செய்தி உலகறிய வெளிவந்தது. அவ்வாண்டிலேயே, உடலமைப்பைத் திருத்திய விளம்பரப் படங்களில் அதனைக் குறிப்பிடவேண்டுமென நோர்வே நாடு சட்டமியற்றியது. எனினும் விளம்பரத்துக்கு இடப்படும் சட்டம் தோழியின் படத்தைத் தீண்டாது. அதனைக் கவனித்தல் வீட்டாரின் கடமையாகும்.

தாய்மாரே, "கறுத்துவிட்டாய், கொழுத்துவிட்டாய்" என்ற சொற்களைப் பிள்ளைகள் முதலிற் கேட்பது நம் வாயிலிருந்தன்றோ? அவற்றை இன்றே கைவிடுவோம். மகளுடன் அமர்ந்து, படங்கள் திருத்தப்படும் விதத்தை அவளைக்கொண்டே செய்து காட்டச் செய்யுங்கள். அவள் உணவை வெறுத்தால், தலைசுற்றலென்றால், மாதவிலக்குத் தவறினால், ஏசாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அம்மாணவி இப்போது தோழியுடன் பகிர்ந்து உண்கிறாள். உணவுப் பொதி வெறுமையாகவே வீடு திரும்புகின்றது.